ஷிபோலேத் சொல்லத் தெரியாத பிள்ளைகள்

தியானப் பகுதி: நியாயாதிபதிகள் 12:1–6, லேவியராகமம் 19:33, 34



நியாயாதிபதிகள் புத்தகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தை நாம் அதிகமாகப் பிரசங்கிப்பதில்லை. யெப்தாவின் மனிதர் யோர்தானின் துறைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தப்பி வருகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி, ‘ஷிபோலேத்’ என்று சொல்லும்படி கேட்கிறார்கள். எப்பிராயீம் கோத்திரத்தானுடைய நாவுக்கு அது ‘சிபோலேத்’ என்றே வரும். அந்த ஓர் ஒலி வேறுபாட்டுக்காக அவனை அங்கேயே வெட்டிப்போடுகிறார்கள். அன்று விழுந்தவர்கள் நாற்பத்தீராயிரம் பேர் என்று வேதம் கணக்குச் சொல்லுகிறது. ஒன்றைக் கவனியுங்கள். கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒரே யாக்கோபின் பிள்ளைகள்; ஒரே மொழி பேசினவர்கள்; ஒரே தேவனைத் தொழுதவர்கள். இருவருக்கும் இடையே இருந்தது ஓர் எழுத்து மட்டுமே.

1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கொழும்பு நகரத் தெருக்களில் இதே காட்சி மீண்டும் நடந்தது. வழிமறித்த கும்பல்கள், வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லும்படி கேட்டன. தமிழனுடைய நாவில் அந்தச் சொல் சற்றே வேறாக ஒலிக்கும். அந்த ஒலியே சிலருக்கு மரணத் தீர்ப்பாயிற்று. அந்தத் தீயிலிருந்து தப்பியவர்கள் படகேறி இராமேசுவரத்துக் கரையில் இறங்கினார்கள். ‘அங்கே எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள், நம்முடைய பேச்சுக்காக நம்மை யாரும் நிறுத்தமாட்டார்கள்’ என்பதே அவர்களுடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை நம்முடைய பள்ளிக்கூடங்களில் நாம் என்ன செய்தோம் என்பதே இந்த வாரத்தின் கேள்வி.

இலங்கையிலிருந்து வந்த பிள்ளை நோட்டுப் புத்தகத்தைக் ‘கொப்பி’ என்கிறது. பேனாவைப் ‘பேனை’ என்கிறது. தலைமையாசிரியரை ‘அதிபர்’ என்கிறது. பேசுவதைக் ‘கதைப்பது’ என்கிறது. வகுப்பறை சிரிக்கிறது. சில வேளைகளில் ஆசிரியரும் சிரிக்கிறார். அந்தப் பிள்ளை மறுநாள் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுகிறது. ஒரு மாதத்துக்குப் பின் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறது. பதில் தெரிந்திருந்தும் கையை உயர்த்தாமல் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறது. ‘மந்தமான பிள்ளை’ என்று நாம் எழுதி முடிக்கிறோம். வாளில்லாமல் நடக்கிற ஷிபோலேத் இதுதான்.

இதில் நாம் வெட்கப்படவேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தைப் ‘பாடசாலை’ என்று சொல்லும்போது மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நம்முடைய சபையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறோம்? ஓய்வுநாள் பாடசாலைக்கு! நம் பாட்டன்மார் காலந்தொட்டு நம் ஆலய அறிவிப்புகளில் வழங்கிவரும் சொல்லைத்தான் அந்த ஏழைப் பிள்ளையின் வாயில் கேட்டு நாம் நகைக்கிறோம்.

‘இது நம் ஊர் காரியம் அல்லவே, இராமேசுவரத்துக் காரியம்’ என்று நினைக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அரசு தந்த விவரத்தின்படி, 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 3,04,269 பேர். அப்போது 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர் வாழ்ந்தார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டமும் அவற்றில் ஒன்று. அண்டையிலுள்ள வேலூரை ஒட்டிய மேல்மொணவூர் முகாமில்தான் அவ்வாண்டு நவம்பர் 2ஆம் தேதி முதலமைச்சர் புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றப்பட்டதும் அந்தச் சமயத்தில்தான். நல்ல காரியம், கர்த்தருக்கு நன்றி. ஆனால் அரசாணை பலகையின் பெயரைத்தான் மாற்றும். நம் பிள்ளைகளின் நாவிலிருந்து ‘அகதி’ என்ற பட்டப்பெயரை எந்த அரசாணை எடுத்துப்போடும்?

வருகை நின்றுவிட்டது என்றும் எண்ணவேண்டாம். 2022 மார்ச் 22ஆம் தேதி, இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் எரிபொருளுக்கும் தவித்த 16 பேர், கைக்குழந்தையோடும் சிறு பிள்ளைகளோடும் இராமேசுவரம் கரையில் வந்திறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னும் பலர் வந்தார்கள். அவர்கள் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாமுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்நாட்டுக் கூலியாட்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்து, இலங்கைக்கு அனுப்பிய இடம் அது. நம் ஏழைகளை அந்த வழியாக அனுப்பினோம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளிற் பலர் அந்த வழியாகவே திரும்பி வந்தார்கள். அவர்களைப் பார்த்து, ‘நீங்கள் யார்?’ என்று கேட்கிறோம்.

இந்தக் காரியத்தைக் குறித்து நம்மிடையே வழங்குகிற சில பேச்சுகள் உண்டு. பக்தியுள்ள வாயிலிருந்தே வருவதால் அவை நியாயமானவைபோல் தோன்றுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்போம்.

‘அரசாங்கம் பணம் கொடுக்கிறதே, நாம் என்ன செய்யவேண்டும்?’ என்பது முதலாவது பேச்சு. 2021ஆம் ஆண்டின் உயர்வுக்குப் பின் முகாமில் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய். மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 500 ரூபாய். உங்கள் வீட்டுப் பிள்ளையின் டியூஷன் செலவை இந்த 500 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது போகட்டும், தொகை பெரிதாகவே இருந்தாலும், பிள்ளையின் பக்கத்தில் பெஞ்சில் உட்காருவதற்கு அரசாங்கத்தால் ஒரு தோழனை ஒதுக்கீடு செய்ய முடியுமா? நல்ல சமாரியன் சத்திரக்காரனுக்குப் பணம் கொடுத்தான், உண்மைதான். அதற்கு முன் அவன் குனிந்தான், காயங்களைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான். நாமோ குனியவுமில்லை, பணம் கொடுக்கவுமில்லை. வேறொருவர் கொடுத்த பணத்தைக் காட்டி அந்தப் பக்கமாய் விலகிப்போகிறோம். ஆசாரியனும் லேவியனும்கூட இவ்வளவு சாமர்த்தியமாக விலகவில்லை.

‘நம்முடைய பிள்ளைகளுக்கே வழியில்லையே’ என்பது இரண்டாவது பேச்சு. இதைச் சொல்லுகிறவர்களின் வலியை நான் அறிவேன். பட்டு நூல் விலையும் சரிகை விலையும் ஏறுகின்றன, கூலி ஏறவில்லை. விசைத்தறி கைத்தறியை மிதிக்கிறது. ஆனால் ஆரணி நெசவாளியே, பிள்ளையின் படிப்பு பறிபோவது என்ன என்பதை உன்னைவிட அறிந்தவர் யார்? நம் ஊரில் ஒரு தலைமுறைக்கு முன் எத்தனை சிறுவர் பள்ளிக்குப் போகவேண்டிய நேரத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தார்கள்! அவர்களை அந்தத் தறிக்குழியிலிருந்து எழுப்பியது அரசுப் பள்ளிக்கூடம். நாம் ஏறிவந்த ஏணி அது. அடுத்தவன் அதில் கால் வைக்கும்போது, ‘இடமில்லை’ என்று சொல்லலாமா? அரசுப் பள்ளியின் வகுப்பறை ஒரு பிள்ளை கூடுதலாக வந்ததால் இடிந்துவிடாது. அந்தப் பிள்ளைக்காகக் கேட்கப்படுகிற ஆசிரியரும் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் உன் பிள்ளைக்கும் சேர்த்தே வரும்.

‘அவர்கள் இந்தியக் குடிமக்கள் அல்லவே’ என்பது மூன்றாவது பேச்சு. சட்டத்தைப் பேசுகிறவர்கள் சட்டத்தை முழுவதும் வாசிக்கட்டும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அது உண்மை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. இந்த மண்ணிலே பிறந்த பிள்ளைகளும் குடியுரிமையின்றி வளருகிறார்கள். இந்த நிலையை நீதியென்று சொல்ல என் மனசாட்சி இடங்கொடாது. ஆனாலும் கல்வியைக் குறித்து நம் அரசியலமைப்பின் 21அ பிரிவு என்ன சொல்லுகிறது? ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள அனைத்துக் குழந்தைகளையும் அது குறிப்பிடுகிறது. ‘குடிமக்களின் குழந்தைகள்’ என்ற வரம்பு அதில் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, வயதுச் சான்று இல்லையென்று எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கக்கூடாது என்கிறது. இடையிலே படிப்பை விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்கு ஈடாக வரும்படி சிறப்புப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்கிறது. படகில் வந்த தாயினிடத்தில் மாற்றுச் சான்றிதழ் இருக்குமா? அவள் அலுவலக வாசலில் தயங்கி நிற்கையில், ‘இந்தப் பிள்ளைக்குச் சட்டம் இடங்கொடுக்கிறது’ என்று மரியாதையோடு எடுத்துச் சொல்ல அருகில் ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவர் ஏன் நம் சபையிலிருந்து போகக்கூடாது?

‘படித்தாலும் அரசு வேலை கிடைக்காதே, பின் எதற்கு?’ என்பது நான்காவது பேச்சு. இரக்கம்போல் தோன்றுகிற இதுவே எல்லாவற்றிலும் கொடியது. இதே கேள்வியை ஒருவர் எகிப்தில் கேட்டிருந்தால் மோசேயின் கதை என்னவாகியிருக்கும்? மரணத்துக்குக் குறிக்கப்பட்ட ஓர் அந்நியக் குழந்தை எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களையும் கற்றதென்று அப்போஸ்தலர் நடபடிகள் 7:22 சாட்சியிடுகிறது. அந்தக் கல்வியை எதற்குப் பயன்படுத்தப்போகிறார் என்பதைத் தேவன் அறிந்திருந்தார். பார்வோனின் குமாரத்தி அறிந்திருக்கவில்லை. அறியாமலே படிக்கவைத்தாள். நம்மிடம் கேட்கப்படுவதும் அவ்வளவுதான். வீடு எரியும், நிலம் பறிபோகும், நகை விற்றுப்போகும். ஓடுகிறவன் தலையில் சுமக்காமலே கொண்டுபோகக்கூடிய ஆஸ்தி கல்வி ஒன்றே. நாளை அவர்கள் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ திரும்பினாலும், இங்கேயே வேரூன்றினாலும், அது அவர்களோடே இருக்கும்.

இதை முகாமிலுள்ள பெற்றோர் நம்மைவிட நன்றாக அறிவார்கள். 1991ல் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட பின், கல்லூரிகளில் அகதி மாணவருக்கென இருந்த இடங்கள் நிறுத்தப்பட்டன. சில ஆண்டுகள் கழித்தே மீண்டும் கிடைத்தன. யாரோ செய்த பாவத்துக்குப் பரீட்சை எழுதக் காத்திருந்த பிள்ளை தண்டனை சுமந்தது. தகப்பனுடைய பாவத்தைப் பிள்ளை சுமப்பதில்லையென்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தை வாசிக்கிற நாம், அண்டை வீட்டானுடைய பாவத்தைக்கூட அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றினோம். அந்த இருண்ட நாட்களிலும் அவர்கள் சோர்ந்துபோகவில்லை. தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களிலே மாலை வகுப்புகள் நடத்தியது. முகாமில் படித்தவர்களே முகாமின் அடுத்த பிள்ளைகளுக்கு ஆசிரியரானார்கள். பத்தடிக்குப் பத்தடி அறையிலே, ஒரு குடும்பமே உறங்குகிற இடத்திலே, மடியில் புத்தகத்தை வைத்துப் படித்தவர்கள் அவர்கள்.

‘நாங்கள் கிறிஸ்துமஸுக்குத் துணிமணியும் பிரியாணியும் கொடுக்கிறோமே’ என்பது ஐந்தாவது பேச்சு. கொடுங்கள், தடையில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு நாள் வேனில் போய், பொட்டலம் கொடுத்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுத்து, மாலையே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு வருவதை ஊழியம் என்று அழைக்காதீர்கள். அந்தப் படத்தை மறுநாள் அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழன் பார்க்கிறான். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று கற்பித்தவரின் பெயரால், ஒரு பிள்ளையின் வறுமையை ஊரறியச் செய்கிறோம். இன்னும் ஒன்று: உதவியைத் தூண்டிலாக்கவேண்டாம். முகாம்களில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆராதனைக்கு வருவதைக் கூலியாகக் கேட்பவன் கிறிஸ்துவை விற்கிறவன். ஆண்டவர் பத்துக் குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கினார். ஒருவனே திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரிடத்திலிருந்து அவர் சுகத்தைப் பறித்துக்கொள்ளவில்லை.

பிரியமானவர்களே, தானியேல் முதலாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நேபுகாத்நேச்சார் கொடிய ராஜா, எருசலேமைக் கொள்ளையிட்டவன். அவன் சிறைபிடித்து வந்த வாலிபருக்கு மூன்று வருஷம் தன் பந்தியிலிருந்து ஆகாரம் கொடுத்து, கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்பித்தான். தன் சுயநலத்துக்காகவே செய்தான். அவர்களுடைய பெயர்களையும் மாற்றினான். ஆனாலும் செய்தான். சிலை செய்து வணங்கச் சொன்ன ராஜா அந்நியப் பிள்ளைகளை மூன்று வருஷம் படிக்கவைத்தானென்றால், எகிப்தில் அகதியாயிருந்த பாலகன் இயேசுவைத் தொழுதுகொள்ளுகிற சபை எத்தனை வருஷம் படிக்கவைக்கவேண்டும்? ஏரோதின் வாளுக்குத் தப்பி எகிப்தின் எல்லையைக் கடந்த யோசேப்பினிடத்தில் எந்தச் சான்றிதழ் இருந்தது? பிற்பாடு பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுருவை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கலிலேயனின் பேச்சினால். அதே கலிலேயாவின் நாசரேத்தில் வளர்ந்தவர் நம் ஆண்டவர். எருசலேம் நகைத்த அந்தக் கிராமத்துப் பேச்சில்தான் நாம் அறிந்த நற்செய்தி முதன்முதல் உரைக்கப்பட்டது.

நம்முடைய ஊரின் கதையையும் மறக்கவேண்டாம். ஆரணிப் பட்டின் பேருக்கு உழைத்தவர்களில், பல தலைமுறைகளுக்கு முன் வடக்கேயிருந்து புறப்பட்டு வந்து, இன்றும் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பங்கள் உண்டு. ‘உன் தமிழ் சரியில்லை’ என்று அன்று அவர்களைத் துரத்தியிருந்தால் இந்த ஊர் ஒரு தறியையல்ல, ஒரு தெருவையே இழந்திருக்கும். நம் சபையின் கதையும் அதுவே. 1853ல் ஸ்கடர் சகோதரர் தொடங்கிய ஆற்காடு மிஷன், கடல் கடந்து வந்த அந்நியருடைய ஊழியம். ‘ழ’கரம் அவர்களுடைய நாவுக்கு எளிதில் வந்திருக்குமா? அவர்கள் திறந்த பள்ளிகளில் நம் முன்னோர் எழுத்தறிந்தார்கள். தமிழே தாய்மொழியாகாத அந்நியர் நமக்கு எழுத்தைக் கொடுத்தார்கள். தாய்மொழியே தமிழாயிருக்கிற பிள்ளைக்கு நாம் என்ன கொடுக்கப்போகிறோம்?

ஆகையால் வெறும் உணர்ச்சியோடு நில்லாமல், செய்யவேண்டியவற்றைச் சொல்லுகிறேன். சபையிலுள்ள ஆசிரியர்களே, வகுப்பில் பட்டியல் எடுக்கும்போது ‘அகதிப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தனியே அழைத்துக் கேளுங்கள். கொப்பி என்றாலும் நோட்டு என்றாலும் தமிழே என்று வகுப்புக்குச் சொல்லுங்கள்; முதல் நாளே சொல்லுங்கள். பெற்றோரே, கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கே உரியது. முகாமுக்கு அருகிலுள்ள பள்ளியில் உங்கள் பிள்ளை படித்தால், முகாமிலிருந்து ஒரு தாய் அந்தக் குழுவில் அமரும்படி வழிவிடுங்கள். கூட்டத்தில் அவள் பேசும்போது சிரிக்காமல் கேளுங்கள். வாலிபர் சங்கத்தாரே, உங்களில் கணக்கும் ஆங்கிலமும் அறிந்தவர்கள் வாரத்துக்கு இரண்டு மாலை கொடுங்கள். முகாமுக்குள் நுழைய உரிய அனுமதியைப் பெற்று, முறைப்படி போங்கள். ஒரு மாதம் போய் நிறுத்துவதைவிடப் போகாமலிருப்பது மேல். கைவிடப்படுவது அந்தப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பெண்கள் ஐக்கிய சங்கத்தாரே, சேர்க்கைக் காலத்தில் புதிதாய் வந்த தாயோடு பள்ளிக்குப் போங்கள். ஒரு காலைப்பொழுது போதும். ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களே, நம் பிள்ளைகளுக்கு ஷிபோலேத்தின் கதையைக் கற்பியுங்கள். பரிகசிக்கிற நாவும் ஆயுதந்தான் என்பதை அவர்கள் சிறுவயதிலே அறியட்டும்.

நெசவாளருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏறும்போது, பழைய இழை ஒவ்வொன்றோடும் புதிய இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறோம். ஆயிரக்கணக்கான இழைகள், அவசரப்பட்டால் அறுந்துபோகும், ஒன்றை விட்டுவிட்டால் சேலை முழுவதும் அந்தக் குறை ஓடும். ‘புது நூல்தானே, தானாகச் சேர்ந்துகொள்ளும்’ என்று சொன்ன நெசவாளி ஒருவரும் இல்லை. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கேட்பதும் அதுவே. நம்மிடத்தில் தங்குகிற அந்நியனைச் சுதேசியைப்போல் எண்ணி, நம்மைப்போல் அவனிலும் அன்புகூரும்படி கட்டளையிடுகிறார். அதற்கு அவர் காட்டுகிற காரணம் நம்முடைய தயாளகுணமல்ல. நாமும் எகிப்தில் அந்நியராயிருந்தோம் என்பதே.

இந்த வாரம் ஜெபிக்கும்போது, முகாமிலிருந்து புத்தகப்பையோடு புறப்படுகிற பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் கலிலேயரின் பேச்சைத் திருத்தவில்லை. கேட்கிறவர்களின் செவியைத் திறந்தார். கர்த்தாவே, எங்கள் செவிகளையும், எங்கள் பிள்ளைகளின் செவிகளையும் திறந்தருளும். யோர்தான் துறையில் காவல் நிற்கிற எங்களை அங்கிருந்து அப்புறப்படுத்தும். ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக.

உங்கள் ஆயர்